பலகை மேல கீறலும் விழக்கூடாது, விஷமும் இருக்கக்கூடாது: எந்த இடத்துக்கு எந்த மேற்பரப்பு?

என் தங்கச்சி கேட்டது ரொம்ப சிம்பிளான விஷயம். "அண்ணா, புள்ளைங்க கன்னத்தை வச்சுப் படுத்துக்கிட்டே எழுதுற மேஜை, கெமிக்கல் நாத்தம் வரவே கூடாது, அதே சமயம் ரெண்டே மாசத்துல கோடு கோடா ஆகவும் கூடாது." மேஜையோட ஒரு புக் ஷெல்ஃப், ஒரு அலமாரிக்கு நாலு கதவு. பலகை வேலை இத்தனை வருஷமா பண்றேன், டக்குன்னு பதில் சொல்லிரலாம்னுதான் நெனச்சேன், ஆனா யோசிக்க யோசிக்க இது ஒரே பதில்ல அடங்காதுன்னு புரிஞ்சுது, அதான் சாம்பிள் செஞ்சு பாத்துட்டு எழுதுறேன்.

இப்போ ஒர்க்‌ஷாப் மேஜை மேல ஆறு துண்டு இருக்கு. எல்லாமே 18 எம்எம் எம்டிஎஃப், அதாவது மர நாரைப் பசை போட்டு அழுத்தின பலகை, மேல்பக்கம் மட்டும் வேற வேற. மெலமைன் பேப்பர் அழுத்தினது ஒண்ணு, நாம மைக்கான்னு சொல்ற கட்டி லேமினேட் ஒண்ணு, தண்ணி பேஸ் பியு (பாலியூரிதேன்) பளபளப்பில்லாத மேட்ல ஒண்ணு, யுவி விளக்குல காய வைக்கிற பளபள கோட்டிங் ஒண்ணு, வெனீர்ங்கிற மெல்லிசு மரத்தோல் ஒட்டி, எண்ணெயும் மெழுகும் கலந்த ஹார்ட்வாக்ஸ் ஆயில் போட்டது ஒண்ணு, கடைசியா ஃபர்னிச்சர் லினோலியம். பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் எடுத்து ஒவ்வொண்ணு மேலயும் ஒரே மாதிரி இருபது தடவை தேய்ச்சேன், அப்புறம் பக்கத்துலயே சாவி முனையால அழுத்தி ஒரு கோடு, அதுக்கப்புறம் லைட்டை அணைச்சுட்டு டார்ச்சை பலகைக்குப் பக்கவாட்டுல படுக்க வச்சுப் பாத்தேன். நேரா மேல இருந்து லைட் அடிச்சா பாதி கீறல் கண்ணுல படாது, பக்கத்துல இருந்து அடிச்சாதான் உண்மை தெரியும், நீங்களும் சாம்பிள் பாக்கும்போது இப்படியே பாருங்க.

யுவி பளபளப்புல சாவி கோடு லேசாத்தான் விழுந்துச்சு, ஆனா நார் தேய்ச்ச இடம் முழுக்க சிலந்தி வலை மாதிரி நூல் நூலா கீறல். தண்ணி பியுல அப்படியே தலைகீழ், நார் தேய்ச்ச இடத்துல கீறலே தெரியல, ஆனா மேட் போய் ஒரு பளபள திட்டு வந்துருச்சு, சாவி கோடு வெள்ளையா நின்னுச்சு. மைக்கா மேல சாவி ஒரு சாம்பல் கோடு போட்டுச்சு, அய்யோன்னு ஈரத்துணியால துடைச்சா கோடு போயிருச்சு! அது கீறலே இல்ல, சாவிதான் தேஞ்சு அதோட மெட்டல் மைக்கா மேல ஒட்டியிருக்கு. ஆயில் போட்ட வெனீர்ல சாவி நல்லா ஆழமாவே இறங்கிருச்சு, லினோலியமும் அப்படித்தான். ஆனா ஆயில் துண்டை மறுநாள் மெல்லிசு உப்புத்தாள் வச்சு தேய்ச்சு ஒரு சொட்டு ஆயில் விட்டுத் துடைச்சேன், கோடு இருந்த இடத்தைத் தேட வேண்டியதா இருந்துச்சு. மத்த அஞ்சுலயும் இப்படிப் பண்ண வழியே இல்ல.

இதுலயே பாதி பதில் இருக்கு. "ஸ்க்ராட்ச் ரெசிஸ்டன்ட்"னு ஒரே வார்த்தையில சொல்லிடுறாங்க, ஆனா அதுக்குள்ள மூணு வேற வேற சங்கதி இருக்கு. கூர்மையான பொருள் குத்தி இழுக்கிற ஆழக் கீறல் ஒண்ணு, தூசி துணியால வர்ற நூல் கீறல் ஒண்ணு, வருஷக்கணக்குல கை, நோட்டு, லேப்டாப் உரசி உரசித் தேயுறது ஒண்ணு. மூணுக்கும் டெஸ்ட்டே தனித்தனி. லேமினேட்டுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 438, அதோட டெஸ்ட்ல வைர முனையில பாரத்தைக் கூட்டிக்கிட்டே போய் எந்த நியூட்டன்ல கோடு விழுதுன்னு பாப்பாங்க. லேமினேட் ஃப்ளோரிங்ல ஏசி3, ஏசி4னு போட்டிருக்கும்ல, அது டேபர் மெஷின்ல உரசுற சக்கரத்தைச் சுத்தவிட்டு டிசைன் எப்ப தேய ஆரம்பிக்குதுன்னு எண்ணுறது, ஏசி3க்கு 2000 சுத்து, ஏசி4க்கு 4000. அது தேய்மானக் கணக்கு, கீறல் கணக்கு இல்ல, ஏசி4 வாங்கிட்டு நூல் கீறல் வந்துருச்சுன்னு ஏமாந்தவங்க நிறைய பேரைப் பாத்திருக்கேன். நூல் கீறலுக்கு ஈஎன் 16094னு தனியா இருக்கு, அதுல கிட்டத்தட்ட நான் பண்ண மாதிரியேதான், நார் வச்சு மெஷின்ல தேய்ச்சு எவ்வளவு பளபளப்பு மாறுது, எவ்வளவு கீறல் தெரியுதுன்னு ரெண்டையும் தனியா குறிப்பாங்க. பெயிண்ட் டப்பால 2ஹெச், 3ஹெச்னு இருக்கிறது பென்சில் டெஸ்ட், 750 கிராம் பாரத்துல 45 டிகிரி சாய்வுல பென்சிலைத் தள்ளி எந்த பென்சில்ல கோடு விழுதுன்னு பாக்கிறது. சிம்பிளான டெஸ்ட்தான், ஆனா நூல் கீறல் பத்தி ஒண்ணுமே சொல்லாது.

இன்னொரு விஷயம், சாவியை விட தூசிதான் எதிரி. மணல் தூசில இருக்கிற குவார்ட்ஸ், கடினத்தைச் சொல்ற மோஸ் அளவுல 7, சாதாரண இரும்புச் சாவி அதை விடக் கம்மி. காஞ்ச துணி எடுத்து "தூசி துடைக்கிறேன்"னு தேய்ச்சா நீங்க உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறீங்கன்னு அர்த்தம். அதனால குவார்ட்ஸை விடக் கடினமான ஒண்ணு மேல இருந்தாதான் தாங்கும், அந்த இடத்துலதான் கோரண்டம், அதாவது அலுமினியம் ஆக்ஸைடு வருது, மோஸ் 9.

சரி, "எக்கோ", அதாவது விஷமில்லாத பசுமைன்னு சொல்றதையும் கொஞ்சம் பிரிச்சுக்கணும். பலகை விஷயத்துல முதல் ஆள் ஃபார்மால்டிஹைடு, 2004ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு இதை மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியா சொல்லிருச்சு. ஐரோப்பாவுல இ1னு சொல்ற அளவு காத்துல கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராம், 2026 ஆகஸ்ட்ல இருந்து மரச்சாமானுக்கு அது பாதியா 0.062 ஆகுது. ஆனா இந்த வாயு பெரும்பாலும் மேற்பரப்புல இருந்து வர்றதில்ல, உள்ள இருக்கிற பலகையோட யூரியா பசையில இருந்து வருது. மேல நல்லா மூடுன மெலமைனோ யுவியோ இருந்தா அது அடைச்சு வைக்கும், அடைக்காம விட்ட ஓரமும், ட்ரில் போட்ட ஓட்டையும்தான் வாசல். அதனால மேல எவ்வளவு பசுமையானதைப் போட்டாலும் நாலு ஓரமும் எட்ஜ் பேண்ட், அதாவது ஓரத்தை மூடுற பட்டி ஒட்டாம, பின்பக்கம் வெறுமையா விட்டா வேஸ்ட். ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பசையில செஞ்ச பலகையும் கிடைக்குது, படுக்கை அறைக்கும் புள்ளைங்க ரூமுக்கும் நான் அதைத்தான் முதல்ல கேப்பேன், கோட்டிங் பேச்செல்லாம் அதுக்கப்புறம்தான். அடுத்தது பெயிண்ட்ல இருந்து ஆவியாகுற சால்வென்ட், அப்புறம் பெயிண்ட்டைக் கெட்டியாக்கக் கலக்குற ஹார்ட்னர்ல இருக்கிற ஐசோசயனேட்ங்கிற கெமிக்கல், அப்புறம் பிவிசி பிளாஸ்டிக். எல்லாத்துக்கும் மேல எத்தனை வருஷம் உழைக்கும்ங்கிறது இருக்கு, இதை யாரும் லேபிள்ல போடுறதில்ல. ரெண்டு வருஷத்துல கீறி அசிங்கமாகித் தூக்கிப் போடுற "பசுமை" பலகையை விட பதினஞ்சு வருஷம் நிக்கிற மெலமைன் எனக்குப் பசுமைதான், இதுல நான் பிடிவாதமாவே இருக்கேன்.

இப்போ மெலமைன் பக்கம் வருவோம், ஏன்னா இதுலதான் சொல்ல நிறைய இருக்கு. முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடணும், ஸ்ப்ரே பண்ற "மெலமைன் பாலிஷ்" வேற, பேப்பர்ல ஊறவச்சு அழுத்துற மெலமைன் வேற. பாலிஷ்ங்கிறது ஆசிட் ஹார்ட்னர் போட்டு காய வைக்கிறது, காயும்போது ஃபார்மால்டிஹைடு வெளிய விடும், கண்ணெல்லாம் எரியும், அதைப் புள்ளைங்க ரூமுக்கு நான் போடவே மாட்டேன். பேப்பர் மெலமைன் அப்படி இல்ல, ஃபேக்டரியில டிசைன் பேப்பரை மெலமைன் ரெசின்ல ஊறவச்சு, பலகை மேல வச்சு 180, 200 டிகிரி சூட்டுல சில வினாடி அழுத்தி எடுத்துடுவாங்க, ரெசின் பின்னிப் பிணைஞ்சு கல்லு மாதிரி இறுகிடும், மறுபடி உருகாது. மைக்கா அதோட பெரியண்ணன், பழுப்பு கிராஃப்ட் பேப்பரை ஃபீனாலிக் ரெசின்ல ஊறவச்சு அடுக்கி மேல டிசைன் பேப்பரும் வச்சு, 120 டிகிரிக்கு மேல, 5 மெகாபாஸ்கல் அழுத்தத்துக்கு மேல அழுத்துறது, அப்புறம் அதை பலகையில பசை போட்டு ஒட்டணும்.

இதுல கீறல் தாங்குறதை கூட்ட முக்கியமான வழி ஓவர்லேன்னு ஒரு மெல்லிசு பேப்பர். டிசைனுக்கு மேல அதை வச்சு அழுத்தினா கண்ணாடி மாதிரி தெளிஞ்சுடும், அதுக்குள்ள கோரண்டம் தூள் இருக்கும். கேக்க ஈஸியா இருக்கு, ஆனா தூள் பெருசா இருந்தா மேல்பக்கம் சொரசொரன்னு ஆகி அழுத்துற ஸ்டீல் பிளேட்டையே கீறிடும், அதனால தூள் டிசைன் பக்கமா இருக்கிற மாதிரி, மேல சுத்தமான ரெசின் படலம் இருக்கிற மாதிரி வைப்பாங்க. தூள் ரொம்ப அதிகமானா டிசைன் வெளுத்து மங்கலாத் தெரியும், அறுக்கும்போது பிளேடு சீக்கிரம் மழுங்கும். தேய்மானத்துக்குக் கொஞ்சம் பெரிய தூள், நூல் கீறலுக்கு ரொம்பப் பொடியான தூளை மேல்படலத்துலயே கலக்கணும், ரெண்டும் வேற வேற வேலை. சப்ளையர்கிட்ட "ஓவர்லே இருக்கா, நூல் கீறல் டெஸ்ட் பண்ணிருக்கீங்களா"ன்னு ரெண்டு கேள்வி கேட்டாலே எதிர்ல இருக்கிறவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதான்னு புரிஞ்சுடும். சுற்றுச்சூழல் பக்கம் பாத்தா மைக்காவுல எடையில பாதிக்கு மேல பேப்பர்தான், ஃபீனாலுக்குப் பதிலா மரத்துல இருந்தே எடுக்கிற லிக்னின் கொஞ்சம் கலந்த வகையும் வந்திருக்கு. ஆனா மேல்படலம் இன்னும் மெலமைன்தான், அதுக்கு சமமான கடினத்தோட செடியில இருந்து வந்த ரெசின் எதையும் நான் கையில தொட்டுப் பாத்ததில்ல. குறைன்னா கீறல் விழுந்தா விழுந்ததுதான், ரிப்பேர் கிடையாது, திரும்ப உருக்கிப் புதுசு பண்ணவும் முடியாது.

தண்ணி பேஸ் பியு. மனசுக்கு எனக்குப் புடிச்சது இதுதான், ஆனா நிறைய பேர் தப்பா பயன்படுத்துறதும் இதைத்தான். தின்னர் நாத்தம் இல்ல, ஸ்ப்ரே கன்னை தண்ணிலயே கழுவிடலாம், இருந்தாலும் சால்வென்ட் சுத்தமா ஜீரோன்னு நெனைக்காதீங்க, படலம் ஒட்டிச் சேர கிளைக்கால் ஈதர் மாதிரி கொஞ்சம் கலந்திருக்கும். ஒத்தை டப்பா, ரெட்டை டப்பான்னு ரெண்டு வகை. ஒத்தை டப்பால தண்ணி ஆவியாகி பாலிமர் துளிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, அவ்வளவுதான், கீறல் தாங்குற சக்தி சுமார். ரெட்டை டப்பால ஹார்ட்னர் கலந்ததும் குறுக்குப் பிணைப்பு, அதாவது மூலக்கூறுகளுக்கு நடுவுல வலை மாதிரி பின்னல் வந்து நல்லா கெட்டியாகுது, ஆனா அந்த ஹார்ட்னர் பெரும்பாலும் ஐசோசயனேட், அடிக்கிறவருக்கு மூச்சுக் கோளாறு, ஆஸ்துமா வரவைக்கக் கூடியது. ஐரோப்பாவுல 2023 ஆகஸ்ட்ல இருந்து ட்ரெயினிங் எடுக்காம அதைத் தொழிலா தொடவே கூடாதுன்னு சட்டம். வீட்ல இருக்கிறவங்களுக்கு காஞ்ச பிறகு பிரச்சனை இல்ல, ஆனா பசுமைன்னா அடிக்கிற தம்பியோட நுரையீரலும் அதுல சேர்த்திதானே. கார்போடைஇமைடு ஹார்ட்னர்னு ஒண்ணு இருக்கு, அது அந்த அளவுக்கு ஆபத்து இல்ல, கடினம் கொஞ்சம் கம்மி, நான் இப்போ அந்தப் பக்கம்தான் சாஞ்சுக்கிட்டு வர்றேன்.

இதோட கீறல் சக்தியைக் கூட்ட நானோ சிலிக்கா கலந்த டாப் கோட் கிடைக்குது. ஏன் நானோன்னா, துகள் 20, 50 நானோமீட்டர் இருந்தா கண்ணுக்குத் தெரியிற ஒளியோட அலைநீளமான 400, 700 நானோமீட்டரை விட ரொம்பச் சின்னது, அதனால படலம் தெளிவாவே இருக்கும். சிலிக்காவோட ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட 1.46, அக்ரிலிக் 1.49 பக்கம், ரெண்டும் ஒத்துப்போகுது. அதே இடத்துல அலுமினாவைப் பெரிய தூளா போட்டா 1.76, படலம் பால் ஊத்தின மாதிரி ஆகிடும், கறுப்புப் பலகையில சொல்லவே வேணாம். இன்னொரு வழி வாக்ஸ், அது கடினத்தைக் கூட்டாது, வழுக்க வைக்கும், கீறுற பொருள் பிடிச்சுக்காம நழுவிப் போகும். பாதி நேரம் இதுவே நல்லா வேலை செய்யுது.

ஆனா எல்லாத்தையும் விட முக்கியம் காத்திருக்கிறது, இதுல நான் பட்டிருக்கேன். மூணு கோட் அடிச்சு தொட்டா காஞ்சிருக்குன்னு மூணாவது நாள் ஒரு மேஜையை டெலிவரி குடுத்துட்டேன், அன்னிக்கு ராத்திரியே அது மேல ஒரு கனமான டிக்‌ஷனரியை வச்சிருக்காங்க, காலையில எடுத்தா அட்டையோட நெசவு அப்படியே படலத்துல அச்சா விழுந்து கிடக்கு. மொத்தத்தையும் தேய்ச்சு எடுத்து மறுபடி அடிச்சேன். தொட்டா காயுறது ஒரு மணி நேரம், முழுசா இறுகுறது ரெண்டு மூணு வாரம், குளிர்ல இன்னும் கூட. அந்த நாள்ல விழுற கீறல் பெயிண்ட்டோட தப்பு இல்ல.

யுவி கோட்டிங்ல இந்தக் காத்திருப்பே கிடையாது, விளக்கு அடியில போனதும் வினாடியில கெட்டியாகி வெளிய வருது, ஆவியாகிப் போறதுன்னு ஏறக்குறைய ஒண்ணுமே இல்ல. குறுக்குப் பிணைப்பு ரொம்ப நெருக்கம், அதனால நல்ல கடினம். ஒரே சிக்கல், காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் மேல்படலம் மட்டும் சரியா இறுகாம தடுத்துடும், கீறல் விழுறதும் அதே மேல்படலத்துலதான். அதுக்காகத்தான் நல்ல ஃபேக்டரிகள்ல நைட்ரஜன் நிரப்பின அறையில காய வைக்கிறாங்க. 172 நானோமீட்டர் எக்ஸைமர் விளக்கு வச்சு மேல்தோலை மட்டும் கண்ணுக்குத் தெரியாத சுருக்கமா சுருக்கி விடுறதும் அப்படித்தான், மேட் பவுடரே போடாம மேட் வருது, அதனால நார் போட்டுத் தேய்ச்சாலும் என்னோட தண்ணி பியு துண்டுல வந்த அந்தப் பளபள திட்டு அவ்வளவு சீக்கிரம் வராது, விரல் ரேகையும் பெருசா தெரியாது. எலக்ட்ரான் பீம்ல காய வைக்கிற வகையில ஒளி பட்டதும் இறுக ஆரம்பிக்க வைக்கிற ஃபோட்டோ இனிஷியேட்டர் கெமிக்கலே தேவையில்ல, இது பெரிய ப்ளஸ், ஏன்னா அந்தக் கெமிக்கல்கள்ல ஒண்ணான டிபிஓவை ஐரோப்பா 2023ல ரொம்பக் கவலைப்பட வேண்டிய பொருள் பட்டியல்ல சேர்த்துருச்சு. ஆனா யுவியோ பீமோ, எல்லாமே ஃபேக்டரி சமாச்சாரம், தட்டையான பலகைக்கு அருமை, செதுக்கல் வேலை, வளைவு, உள்மூலைன்னு வந்தா ஒளி போகாத இடம் ஒழுங்கா காயாது.

ஹார்ட்வாக்ஸ் ஆயில் பத்தி மேலயே சொல்லிட்டேன், லின்சீட் மாதிரி எண்ணெயும் கார்னௌபா மாதிரி மெழுகும், கீறல் விழும், அழகா சரி பண்ணலாம். வெனீருக்கும் மரத்துக்கும் மட்டும்தான். வெனீர் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், தேய்ச்சுக்கிட்டே இருந்தா அடியில பலகை எட்டிப் பாக்கும், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஆயில் துடைச்ச துணியை சுருட்டிக் குப்பையில போடாதீங்க, தானாவே சூடாகித் தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப் போடுங்க இல்ல தண்ணில நனைச்சு வைங்க. லினோலியமும் லின்சீட் எண்ணெய், பைன் ரெசின், மரத்தூள்தான், கைக்கு அவ்வளவு இதமா இருக்கும், எழுதுறதுக்கு அதை விட நல்ல பரப்பு இல்ல, ஆனா பேனாக்கத்திக்குத் தாங்காது. பலகை மேல ஒட்டுற பிளாஸ்டிக் ஃபாயில்னா பிவிசியை விட்டுட்டு பிபி, பிஇடி எடுங்க, மேல யுவி ஹார்ட் கோட் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா நகமே போதும் கோடு போட.

அடியில இருக்கிற பலகையையும் மறந்துடக் கூடாது. மேல எவ்வளவு கடினமான படலம் போட்டாலும் அடியில பலகை மெத்துன்னு இருந்தா முட்டை ஓடு மாதிரிதான், அழுத்தம் வந்ததும் அடி அமுங்கும், மேல விரிசல் விடும். மேஜைக்கு அடர்த்தியான எம்டிஎஃப், இல்ல நல்ல பிளைவுட். நிறமும் ஒரு பாதுகாப்புதான், கீறல்ங்கிறது ஒளியைச் சிதறடிச்சு வெள்ளையா தெரியிறது, அதனால கறுப்புப் பளபளப்புல பளிச்சுன்னு கண்ணுல குத்தும், நடுத்தர மர நிறத்துல லேசா ரேகை இருந்தா அதே கீறல் ரேகையோட ரேகையா கலந்துடும். காசு ஒண்ணும் கூடாம, கெமிக்கல் ஒண்ணும் சேர்க்காம கிடைக்கிற கீறல் எதிர்ப்பு இது ஒண்ணுதான், கண்ணுக்குத்தான்னாலும்.

ஆக தங்கச்சி வீட்டுக்கு முடிவு இப்படி. மேஜை மேல்பரப்புக்கு ஓவர்லே உள்ள மைக்கா, மேட், லேசான ரேகை, நடுத்தர மர நிறம், பின்பக்கம் பலகை வளையாம இருக்க பேலன்ஸ் ஷீட், நாலு ஓரமும் எட்ஜ் பேண்ட், உள்ள ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பலகை. காம்பஸும் ஸ்டீல் ஸ்கேலும் புழங்குற இடம், அங்க கடினம்தான் பேசும். லினோலியம் போட எனக்கு ரொம்ப ஆசை, மூத்தவ படம் வரையிறவ, ஆனா சின்னவனுக்கு ஏழு வயசு, அவன் கையில காம்பஸ் இருக்கிற வரைக்கும் வேணாம்னு விட்டுட்டேன். அலமாரி கதவு நிக்கிற பரப்பு, அதுல கீறல் வர்றதே அபூர்வம், கைப்பிடி பக்கம் நகம் படுறதோட சரி, அதுக்கு கோரண்டமெல்லாம் அனாவசியம், தண்ணி பியு, கார்போடைஇமைடு ஹார்ட்னர், சிலிக்கா கலந்த டாப் கோட், ஆனா முழு மேட் இல்லாம பாதி மேட், தேய்ச்சா பளபள திட்டு வராம இருக்க. ஷெல்ஃப் வெனீர், ஹார்ட்வாக்ஸ் ஆயில், புத்தகம் இழுத்து இழுத்துக் கோடு விழும், விழுந்தா மச்சானே ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து சரி பண்ணிக்கலாம், எப்படின்னு காட்டிக் குடுத்துட்டேன்.

கதவுக்கு ரெண்டு கோட் அடிச்சாச்சு, 320 உப்புத்தாள் போட்டு நாளைக்குக் கடைசிக் கோட். டெலிவரி மூணு வாரம் கழிச்சுத்தான்னு தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன். "இவ்வளவு நாளா?"ன்னு கேட்டா, அந்த டிக்‌ஷனரி அச்சு விழுந்த மேஜையை அப்பவே எடுத்து வச்ச போட்டோவை அனுப்பினேன், அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல.